பெரிய செய்தியில் பெரியம்மா

உலகத்தில் கோபம் என்கிற சரக்கு முதன்முதலாக வந்து இறங்கியது பெரியம்மா வீட்டு வாசலில்தான். மூட்டையை அவிழ்க்கும்போது கீழே சிந்தியதைத்தான் புலி, பாம்பு, எரிமலை, கணக்கு வாத்தியார் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பெரியம்மா தொண்டையைக் கனைத்தால் தெருநாய் எழுந்து வீட்டுக்குப் போகும். அதற்கு வீடே கிடையாது, ஆனாலும் போகும். ஒருமுறை துணி காயப்போட்டுவிட்டு மேகத்தை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மேகம் பக்கத்து ஊரில் போய்ப் பெய்தது. பெரியப்பா சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிற வேலையைத் தேடிப் பிடித்ததே, வீட்டைவிட அங்கே சூடு குறைச்சல் என்பதால்தான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பெரியப்பா அதை மறுத்ததில்லை.

இப்பேர்ப்பட்ட பெரியம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். பிணவறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில், பின்பக்கமாக இருந்தது அது. வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் மலைமலையாக வரும். துவைத்துப் பிழிந்ததை இரண்டு பேர் மூலைக்கு மூலை பிடித்து ஓர் உதறு உதறி, சூடான பெரிய உருளைக்குள் விடுவார்கள். அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் வாங்கி மடிப்பார்கள். பெரியம்மா விடுகிற பக்கம்.

உருளைக்கு மேலே நீராவிக் குழாய் ஒன்று ஓடியது. அது வளைகிற இடத்தில் மூட்டு விட்டுப்போய், கொதிக்கிற தண்ணீர் சொட்டும். எப்போது சொட்டும் என்று சொல்ல முடியாது. சும்மா இருக்கும், சும்மா இருக்கும், ஆள் போகும்போது பார்த்துச் சொட்டும். அதனால் அந்த இடத்தைக் கடக்கிறவர்கள் எல்லாரும் தலையைத் தாழ்த்தி, இடது தோளைச் சரித்து, ஒரு குனி குனிந்துதான் போவார்கள். பெரியம்மாவுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பஸ்ஸில் ஏறினாலும் குனிவாள். சொந்தச் சமையலறைக்குள் நுழையும்போதும், மேலே ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு குனி. பிறகு தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

சலவைக்கூடத்து மேற்பார்வையாளருக்குத் தெருவில் கஞ்சிச்சட்டை என்று பெயர். ஆஸ்பத்திரித் துணியோடு துணியாக அவர் சட்டைகளும் வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து வந்துவிடும். அவர் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சட்டை உட்காரும். குழாயைப் பற்றிப் பெரியம்மா சொல்லும்போதெல்லாம், "மேல சொல்லியிருக்கேன்மா, பாக்கலாம்" என்பார். சொல்லிவிட்டு மேலே பார்ப்பார். மேலே குழாய்தான் இருந்தது.

அப்போதுதான் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்து இரட்டைச் சடையைக்கூட இன்னும் ஒற்றையாக மாற்றாத பெண். குனியப் பழகுவதற்குள் மணிக்கட்டில் வாங்கிக்கொண்டாள். தோல் வழன்றுவிட்டது. கஞ்சிச்சட்டை வந்து எட்டிப் பார்த்து, "பாத்து வேலை செய்யணும்மா" என்று அந்தப் பெண்ணுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா கிழிந்த விரிப்பை நாடாவாகக் கிழித்துக் குழாய் மூட்டைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அவள் வாயிலிருந்து வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. தாளே கிழிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். யாரோ பெரிய மனிதர் சலவைக்கூடத்துக்குப் புது மெஷின் ஒன்று கொடுத்தார். அதைத் திறந்துவைக்க அவரே வந்தார். படம் பிடிக்க ஆள் வருகிறது என்றதும் கஞ்சிச்சட்டை செய்த முதல் வேலை, வெள்ளை வெளேரென்ற விரிப்பு ஒன்றை எடுத்துக் குழாய் மூட்டை மறைத்துத் தொங்கவிட்டதுதான். மெஷினைத் திறந்தாயிற்று, கைதட்டியாயிற்று. கஞ்சிச்சட்டை பெரிய மனிதரின் காரைத் தயார் செய்ய முன்னால் ஓடிவிட்டார். மைக் வைத்திருந்தவர் கூட்டத்தில் பெரியம்மாவைப் பார்த்துக் கை காட்டினார்.

"நீங்க வாங்கம்மா. புது மெஷின் எப்படி இருக்கு?"

பெரியம்மா போய் நின்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அந்த வெள்ளைத் துணியை விலக்கிட்டுப் படம் புடிங்க. அதுக்குப் பின்னாடி கொதிதண்ணி ஊத்துது. ஒரு சின்னப் பொண்ணு கை வெந்துபோச்சு. சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்குது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா மெஷினே வேணாம், குழாயை மாத்திக் குடுங்கன்னுதான் சொல்லியிருப்போம்."

"ரொம்ப நல்லதும்மா" என்றார் மைக் வைத்திருந்தவர். "இன்னைக்குச் சாயங்காலம் வரும், பாருங்க."

பெரியம்மா நேராகக் கைக்கட்டுப் போட்ட பெண்ணிடம் போனாள்.

"சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துடு. அந்தக் கஞ்சிச்சட்டையும் வருவான், தினம் டிவி பாக்க வர்றவன்தானே. நான் சொன்னதை அவன் காதால கேக்கட்டும், தெருவே கேக்கட்டும். நாலு பேரு கேட்டதுக்கப்புறம் 'பாக்கலாம்'னு எப்படிச் சொல்றான்னு பாக்குறேன்."

அன்று சாயங்காலம் பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தன் முகம் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை. புடவை மாற்றிக்கொண்டாள்தான். அது தெரு வருகிறதே என்பதற்காக.

தெரு ஏன் வருகிறது என்றால், அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு டிவி அது. பெரியப்பாவின் தொழிற்சாலையில் நடந்த குலுக்கலில் விழுந்தது. பெட்டி வந்த நாளிலிருந்து முன்னறை பெரியம்மாவுடையதாக இல்லை. ஒளிபரப்புத் தொடங்குகிற நேரம் ஆனால் வாசலில் செருப்பு குவியும். தையற்காரர் குடும்பம், பால்கடைக்காரர் குடும்பம், யார் வீட்டுப் பிள்ளைகள் என்றே தெரியாத பிள்ளைகள், எல்லாருக்கும் தரை. கஞ்சிச்சட்டைக்கு மட்டும் கை வைத்த நாற்காலி. யாரும் அவரை அதில் உட்காரச் சொல்லவில்லை. முதல் நாளே வந்தார், சட்டையைப் பிடித்துக்கொண்டார், உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்திவிட்டார். அந்த வீட்டில் ஒரு நிகழ்ச்சியையாவது முழுதாகப் பார்க்காத ஒரே ஆள் பெரியம்மாதான். பாட்டு வரும்போது டீ ஆற்றிக்கொண்டிருப்பாள், நாடகம் முடியும்போது டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள்.

பெரியப்பா வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பாய்லரோடு குடும்பம் நடத்தியவர். சூடாகிற பொருள் எதுவானாலும் அதற்கு ஓய்வு கொடுக்காவிட்டால் வெடிக்கும் என்பது அவர் சித்தாந்தம். நடுநடுவே எழுந்து போய்ப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "ஏறிடுச்சு" என்பார். அவ்வளவுதான், டிவி அணைந்துவிடும். முதுகு ஆறுகிறவரை யாரும் மூச்சு விடக் கூடாது. தெருவும் அதற்குப் பழகிவிட்டது. ஓய்வு நேரத்தில் பெண்கள் ஓடிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்கள். கதாநாயகன் மலையிலிருந்து விழுகிற இடத்தில் அணைத்து, அடக்கம் பண்ணி முடிந்த பிறகு போட்டிருக்கிறார். அப்போதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சூட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததா என்ற மரியாதை.

அன்று முதலில் சின்னச் செய்தி. பெரிய செய்தி அதற்கு அப்புறம். ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பெரியம்மா முன்கூட்டியே டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகத் தன் வீட்டு முன்னறையில் தரையில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கைக்கட்டுப் பெண் கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சிச்சட்டை மனைவி மக்களோடு வந்திருந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் அப்பா நின்றது வரும் என்று அவர் பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தன.

செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னார். எங்கேயோ பாலம் கட்டினார்கள். எங்கேயோ யாரோ யாருக்கோ கை கொடுத்தார்கள்.

பெரியப்பா எழுந்தார். முதுகில் கை வைத்தார்.

"என்னங்க" என்றாள் பெரியம்மா.

"ஏறிடுச்சு" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

அறையில் ஒரு குண்டூசி விழவில்லை, விழுந்திருந்தால் அதுவும் பயந்திருக்கும். பெரியம்மா மெதுவாக எழுந்தாள்.

"போடுங்க அதை."

"இரும்மா, ஆறட்டும்."

"போடுறீங்களா, இல்லை உங்களை ஆற வைக்கட்டுமா?"

பெரியப்பா போட்டார். அந்தக் காலத்துப் பெட்டி, திருகியதும் முழிக்காது. முதலில் உள்ளே ஏதோ முனகும், அப்புறம் சத்தம் வரும், படம் கடைசியில்தான் வரும். முனகியது. வாத்திய இசை ஒன்று கேட்டது. "...சலவைக்கூடப் பணியாளர்கள்..." என்று ஒரு குரல் வந்தது. படம் தெளிந்தபோது செய்தி வாசிப்பவர் மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போச்சு!" என்றார் தையற்காரரின் மனைவி.

"என்ன மனுஷன்யா நீங்க!" பெரியம்மாவின் குரல் ஓடு வரை போய்த் திரும்பியது. "ஊரான் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாத்தையும் காட்டுது, அப்பெல்லாம் ஆறப்போடாம, நான் வர்ற நேரம் பாத்து ஆறப்போடுறீங்களே! இது என்ன டிவியா, உங்க பாய்லரா? உள்ள என்ன நான் கரி அள்ளிப் போட்டா வச்சிருக்கேன்?"

"இல்லைம்மா..." பெரியப்பா சுவரோடு சுவராகப் போய்க்கொண்டிருந்தார். "நீ வர்ற நேரத்துல சூடா இருக்கக் கூடாதேன்னுதான் முன்னாடியே ஆத்தி வைக்கலாம்னு... உள்ள நீ இருக்கும்போது வெடிச்சா?"

"உள்ள நான் இருக்கும்போதா! வெளிய நான் இருக்கேனே, அது தெரியலையா உங்களுக்கு? நான் வெடிச்சா எங்க கை வச்சுப் பாப்பீங்க?"

பிள்ளைகள் சிரித்துவிட்டன. பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்று, விக்கலாக மாறியது.

"பெரிய செய்தியில மறுபடியும் போடுவாங்கம்மா" என்றார் கஞ்சிச்சட்டை, நாற்காலியிலிருந்தபடியே. "பதட்டப்படாதீங்க. டீ இருக்கா இன்னும்?"

பெரியம்மா டீ கொடுத்தாள். டம்ளரை அவர் கையில் வைத்த வேகத்தில் பாதி டீ கஞ்சிச்சட்டையின் கஞ்சிச் சட்டையில் இருந்தது. அப்புறம் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகு மேல் கையை வைத்துக்கொண்டாள். பொம்மலாட்டம் வந்தது, பாட்டு வந்தது, பல் தேய்ப்பது எப்படி என்று ஒரு டாக்டர் வந்தார். பெரியப்பாவின் உள்ளங்கை இரண்டு தடவை தானாக எழுந்தது. பெரியம்மா பார்த்ததும் அது தலையைச் சொறிவதாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

பெரிய செய்தி வந்தது. பாலம் வந்தது. கை கொடுத்தது வந்தது. அப்புறம் சலவைக்கூடம் வந்தது.

"ஐயோ, நம்ம அக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

பெரிய மனிதர் மெஷினைத் திறந்துவைத்தார். பின்னால் வெள்ளை விரிப்பு அழகாகத் தொங்கியது. பெரிய மனிதர் விரிப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்க, பெரியம்மா இந்தப் பக்கமிருந்து வந்தாள். குழாய்க்குக் கீழே வந்ததும் தலையைத் தாழ்த்தி, இடது தோளைச் சரித்து, ஒரு குனி குனிந்தாள்.

"புதிய இயந்திரத்தை வழங்கியவருக்குப் பணியாளர்கள் தலைவணங்கித் தங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொண்டனர்" என்றார் செய்தி வாசிப்பவர்.

அடுத்து பெரியம்மாவின் முகம் பெட்டி நிறைய வந்தது. வாய் அசைந்தது. கை நீண்டு விரிப்பைக் காட்டியது. குரல் வரவில்லை. அந்த இடத்தில் குழலும் தந்தியும் சேர்ந்து காலை நேரத்துப் பறவைகள் மாதிரி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன. "இனித் தங்கள் பணி எளிதாகும் என்று அவர்கள் மகிழ்ச்சியுடன் கூறினர்."

அவ்வளவுதான். அடுத்து மழை.

முன்னறை கைதட்டியது. "என்ன அடக்கமாக் குனிஞ்சீங்கக்கா!" என்றார் தையற்காரரின் மனைவி. "எனக்கெல்லாம் வராது. நீங்க அப்படியே மரியாதையா..." "சிரிச்ச முகமா இருந்தீங்க" என்றார் பால்கடைக்காரர். கஞ்சிச்சட்டை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்லாப் பேசியிருக்கீங்கம்மா, பெரியவருக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு திருப்தி.

கதவோரத்துப் பெண் மட்டும் கைதட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவாள்? கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். பெரியம்மா அவளைப் பார்த்தாள்.

கோபத்தில் கத்துகிற பெரியம்மாவைத் தெரு பார்த்திருக்கிறது. கோபத்தில் கத்தாத பெரியம்மாவை அன்றுதான் பார்த்தது. அவள் திருகைத் திருப்பினாள். சத்தம் போய்விட்டது. படம் மட்டும் ஓடியது. எழுந்து பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் குனிஞ்சது யாருக்கும் இல்லை" என்றாள். "மேல குழாய் ஒழுகுது. குனியலைன்னா வெந்துடும். அதுக்குத்தான் குனிஞ்சேன். அதைக் கும்பிடுன்னு காட்டியிருக்கான். சிரிச்ச முகமா? அது சிரிப்பா? இந்தப் பொண்ணு கையைப் பாருங்க. கட்டை அவுத்துக் காட்டுடி. காட்டு! இதைத்தான் நான் மைக்ல சொன்னேன். வாயைக் காட்டிட்டு வார்த்தையைத் தின்னுட்டான். சார், நீங்க மேல சொல்றேன் மேல சொல்றேன்னு எத்தனை நாள் சொன்னீங்க? துணியைத் தொங்கவிடத் தெரியுது, ஃபிட்டரைக் கூப்பிடத் தெரியலை. உங்க சட்டையை நாங்கதான் தேய்க்கிறோம். அந்தச் சொட்டுக்கு அடியில நின்னுதான் தேய்க்கிறோம்."

அறை அப்படியே உறைந்துவிட்டது. கஞ்சிச்சட்டையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு அவர் சட்டைக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. எழுந்தார். மனைவி மக்களைக்கூடக் கூப்பிடாமல், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கி ஓடினார். மறுநாள் காலையில் ஃபிட்டர் வந்து குழாயை மாற்றிவிட்டான். பெரியம்மாவின் நாக்குக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியே பணிந்தது.

இதுவரைக்கும் எழுதியதைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டியாயிற்று. அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். பெரியப்பா பாய்லர் சமாச்சாரம் வந்தபோது சிரித்தாள். குனிந்தது வந்தபோது பல்லைக் கடித்தாள். கடைசியில் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"டேய், யாருடா செருப்பை விட்டுட்டு ஓடினது?"

"அவர்தான், பெரியம்மா."

"நீ பாத்தே?"

எழுதிய தாள் தானாக முகத்துக்கு நேராக உயர்ந்தது.

"ஓடவே இல்லைடா அந்தாளு. நான் அவ்வளவு பேசினேன். ஒரு அசைவு இல்லை. எல்லாம் கேட்டுட்டு, 'சரிம்மா சரிம்மா, பாக்கலாம், கொஞ்சம் நகருங்க, மறைக்குது'ன்னான். பின்னாடியிருந்து இன்னும் நாலு பேரு, 'ஆமாக்கா, நகருங்க, மறைக்குது'ன்னாங்க. அந்தப் பொண்ணு கட்டை அவுத்துக் காட்டிக்கிட்டு நிக்கிறா, ஒருத்தரும் பாக்கலை. அப்பதான் பிளக்கைப் பிடுங்கினேன். குழாய் மாத்துற வரைக்கும் இந்த வீட்ல டிவி கிடையாது, போங்கடான்னு எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாளா ஃபிட்டர் வந்தான்? வாரத்துல ஒரு நாள் சினிமாப் படம் போடுவாங்களே, அந்த நாளு வந்துச்சு. எம் பேச்சைக் கேட்டு வராத கோபம், படம் போச்சுன்னதும் வந்துச்சு தெருவுக்கு. எல்லாம் போய் அந்தாள் வீட்டு வாசல்ல நின்னு திட்டுச்சு. அவன் பொண்டாட்டியும் சேந்து திட்டினா. அதுக்கப்புறம்தான் ஃபிட்டர் வந்தான். படத்துக்காக வந்தான்டா. கைக்காக வரலை."

கையிலிருந்த துணியை ஓர் உதறு உதறினாள். கோபம் முழுசும் திரும்பி வந்திருந்தது, இத்தனை வருஷம் கழித்தும் ஒரு சொட்டு ஆறாமல்.

"நான் ஜெயிச்ச மாதிரி இருக்கட்டும்னுதானே எழுதினே? தெரியும்டா. அந்த டிவிக்காரன் எம் பேச்சை எடுத்துட்டுப் பாட்டுப் போட்டான். நீ அந்தக் கஞ்சிச்சட்டைக்கு இல்லாத வெக்கத்தை எடுத்துப் போட்டிருக்கே. ரெண்டும் ஒண்ணுதான். அந்தச் செருப்பைக் கோடு போட்டு அடி. அவன் உக்காந்திருந்தான்னு எழுது. நல்லாச் சாஞ்சு உக்காந்திருந்தான்னு எழுது."